பெயரட்டையும் பக்கத்து ஒழுங்கைப் பாஸ்டரும்

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் பெயரட்டை, எங்கு போனாலும் இருவராக. மோர்மன் ஊழியர்களை அடையாளம் காண இவ்வளவு போதும். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு ஊழியம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது; செலவைப் பெரும்பாலும் வீட்டார்தான் சுமக்கிறார்கள். ஆண்கள் 18 வயதிலேயே புறப்படலாம் என்று 2012இல் அறிவித்தார்கள். இன்று உலகெங்கும் 70,000க்கு மேற்பட்டோர் கதவு தட்டுகிறார்கள்.

இலங்கையின் வடக்குக்கு அமெரிக்க மிஷனரிமார் புதியவர்களல்ல. மோர்மன் சபை பிறந்ததே 1830இல். அதற்கு 14 ஆண்டு முன்பே அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையில் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வைத்தியம் என்று அது வேர்விட்டது. சியாமுக்கென அனுப்பப்பட்ட சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்ற மோர்மன் ஊழியர்கள் 1853இல் இலங்கையிலும் பிரசங்கிக்கப் பார்த்தார்கள்; சபை நிலைக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டாதவருக்கு அந்நாளில் யார் காது கொடுப்பார்?

வன்னியின் பழைய வேதக்காரருக்கு மடு மாதா இருக்கிறா. புதிய சபைகள் பெருகியது போர் முடிந்த 2009க்குப் பிறகு. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களில் கடைசிக் குடும்பங்கள் வெளியேற 2012 செப்டெம்பர் ஆனது. திரும்பி வந்த காணியில் கூரையில்லை. காணாமல் போன பிள்ளைக்குத் திவசம் கொடுப்பதா, காத்திருப்பதா என்பதற்கும் விடையில்லை. அந்த முற்றத்தில் பாய் விரித்து, பிள்ளையின் பெயர் சொல்லி ஜெபித்தவர், அதே முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பக்கத்து ஒழுங்கைப் பாஸ்டர். மோர்மன் ஊழியருக்கு யூட்டாவில் எத்தனை வாரம் பயிற்சி கொடுத்தாலும் இது வராது.

மதம் பரப்புவதற்குச் சட்டம் இடுக்கமானது. மதத்தை வழிபட, அனுசரிக்க, போதிக்க இலங்கை அரசியலமைப்பு இடம் தருகிறது. பரப்புவது அடிப்படை உரிமையல்ல என்று மென்சிங்கன் கன்னியர் சபை தொடர்பான 2003 தீர்மானத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. அது மத சுதந்திர மீறல் என்றது ஐ.நா. மனித உரிமைக் குழு, 2005இல். புதிய வழிபாட்டிடத்துக்கு அமைச்சின் அனுமதி கேட்ட 2008 சுற்றறிக்கை சின்னச் சபைகளைத்தான் அதிகம் அலைக்கழித்தது. மதமாற்றத்துக்கு எதிராக 2016இல் மறவன்புலவு சச்சிதானந்தன் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பைத் தொடங்கினார்.

‘அரிசிக்கும் பால்மாவுக்கும் மாறினதுகள்’ என்று சொல்வது சுலபம். உதவியைக் காட்டி இழுப்பவர்களே இல்லையென்று நான் வாதாடமாட்டேன். ஆனால் மகனைத் தொலைத்த தாய் பால்மாவுக்குத் தெய்வத்தை விற்றாள் என்பவர்கள், அவளோடு ஒருநாளாவது குந்தியிருந்து கதைத்திருப்பார்களா? சபையில் அழுதுவிட்டு, வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கவும் போகிற தாய்மார் உண்டு. பாஸ்டருக்கும் தெரியும், சிவசேனைக்காரருக்கும் தெரியும். இருவருமே அவளைத் தங்கள் பக்கக் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறார்கள்.