தொங்கியே நிற்கும் மேசை

லெகோ கட்டைகளால் செய்த உள்ளங்கை அகல மேசை அது. கீழே ஒரு தளம், மேலே ஒரு தட்டு. இடையில் கால்கள் கிடையாது. இரண்டையும் இணைப்பவை மெல்லிய சங்கிலிகள் மட்டும்தான். சங்கிலியை இழுக்கலாம், தள்ள முடியாது. பின்னே தட்டு எப்படி அந்தரத்தில் நிற்கிறது?

சூட்சுமம் நடுவில் இருக்கிறது. தளத்திலிருந்து ஒரு கை எழும்பி உள்நோக்கி மடங்குகிறது. தட்டிலிருந்து இன்னொரு கை இறங்கி, முதல் கையின் நுனிக்கு நேர் கீழே முடிகிறது. இரண்டு நுனிகளையும் ஒரு குட்டைச் சங்கிலி இணைக்கிறது. மேல்தட்டு முழுவதும் தொங்குவது அந்தச் சங்கிலியில்தான். ஓரச் சங்கிலிகளின் வேலை வேறு. அவை தட்டைக் கீழே இழுத்து, எந்தப் பக்கமும் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே தட்டின் எடையோடு அந்த இழுப்பும் சேர்ந்து நடுச் சங்கிலியின் தலையில் விழுகிறது.

பாடநூலில் அம்புக்குறியாக மட்டும் தெரியும் விசைகளை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். தட்டின் ஒரு மூலையை அழுத்தினால் அந்தப் பக்கச் சங்கிலி தொய்யும், எதிர்ப்பக்கச் சங்கிலி விறைக்கும். ஓரச் சங்கிலி ஒன்றைக் கழற்றினால் தட்டு மறுபக்கம் சாயும். நடுச் சங்கிலியைக் கழற்றினால் எல்லாம் சரியும்.

கட்டைகளின் குணமும் இதில் வெளிப்படும். 2012இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கு இரண்டு லெகோ கட்டை ஒன்றை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சுமார் 430 கிலோ எடைக்குச் சமமான விசை வரை அது தாங்கியது. அதே கட்டையை அடுத்த கட்டையிலிருந்து ஒரு குழந்தை பிடுங்கிவிடும். அமுக்கவிசைக்கு அசையாதது இழுவிசைக்கு எளிதில் விட்டுக்கொடுக்கிறது. மேசையின் கை வளையும்போது அதன் உட்புறம் அமுங்குகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. வெறுமனே அடுக்கிய கட்டைகள் அந்த வெளிப்புறத்தில்தான் முதலில் வாய் பிளக்கும். லெகோவின் டெக்னிக் வகையைச் சேர்ந்த நீளமான சட்டங்களை நெட்டுவாக்கில் வைத்து ஊசிகளால் பிணைத்தால் கை உறுதிப்படும்.

இழுவிசையால் தாங்கி நிற்கும் இந்தக் கட்டுமான முறைக்கு டென்செக்ரிட்டி என்று பெயர் வைத்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். அவருடைய மாணவர் கென்னத் ஸ்னெல்சன் 1948இல் இவ்வகைச் சிற்பத்தைச் செய்துகாட்டினார். 1968இல் அவர் உருவாக்கிய ‘நீடில் டவர்’ வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் சுமார் 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதன் அலுமினியக் குழாய்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. எஃகுக் கம்பிகளே அவற்றைப் பிடித்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2009இல் திறக்கப்பட்ட குரில்பா பாலமும் இதே தத்துவத்தைக் கையாள்கிறது. 470 மீட்டர் நீளமுள்ள அதில் பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் செல்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சங்கிலி கிடைக்காவிட்டால் நீளாத நூல் போதும். ரப்பர் வேண்டாம். நடு நூல் தட்டின் ஈர்ப்பு மையத்துக்கு நேராக அமையட்டும். அதை முதலில் கட்டிவிட்டு, ஓர நூல்களை ஒரே நீளத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஏதாவது ஒரு நூல் தொய்ந்தால், சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.