மாணவர் செல்வர், பயிற்றுநர் நிற்பர்

கல்லூரி ஒன்றின் பெருமையைக் கூறப் புகுவோர் அதிபர்களின் பெயரை முதலிற் கூறுவர். நல்லாசிரியரை அடுத்துப் போற்றுவர். வென்ற கேடயங்களை எண்ணிக் காட்டுவர். அக்கேடயங்களை வெல்லுமாறு மாணவரைப் பழக்கிய பயிற்றுநரை நினைப்போர் சிலரே. இவ்விழா மலரிலே அவர்தம் பணி எத்தகையது என்பதைச் சிறிது ஆராய விழைகின்றோம்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு விளையாட்டுத் திடலில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நன்னூலார் பாயிரத்திலே நல்லாசிரியருக்கு நிலத்தையும், மலையையும், நிறைகோலையும், மலரையும் உவமை கூறினார். ஏடு விரித்துப் பாடஞ் சொல்வார்க்கு மட்டுமன்றி, திடலில் நின்று ஓடவும் பாயவும் கற்பிப்பார்க்கும் அவ்வுவமைகள் பொருந்தும் என்பதே நம் துணிபு. பொறுத்திருந்து முயற்சிக்கேற்ற பயன் தரும் நிலமும், ஒருபாற் கோடாத நிறைகோலும் பயிற்றுநருக்குச் சிறப்பாக உரியன. இதனை இருவர் வாழ்க்கை கொண்டு விளக்குவாம்.

முதலாமவரை அறிவதற்கு நம்மவர் ஒருவரிடமிருந்து தொடங்குதல் தகும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1952ஆம் ஆண்டு கெல்சிங்கியிலும், 1956ஆம் ஆண்டு மெல்பேணிலும் ஒலிம்பிக் விழாக்களிலே உயரம் பாய்ந்தவர். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் பாய்ந்து பொற்பதக்கம் பெற்றார். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதற் பொற்பதக்கம் அதுவே. அவர் உயர்கல்வி கற்ற இடங்களுள் ஒன்று லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். அந்நாளில் அங்கு மெய்வல்லுநர் பயிற்றுநராய் விளங்கியவர் எல்வின் டிரேக் என்பார்.

டிரேக் அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். 1920ஆம் ஆண்டுகளில் அதன் திடலிலே தாமே ஓடியவர். 1947ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை அவர் மெய்வல்லுநர் அணியின் தலைமைப் பயிற்றுநராய் இருந்தார். 1956ஆம் ஆண்டில் அவ்வணி அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான தேசிய வெற்றியை ஈட்டியது. இப்பணியோடு மற்றுமொரு பணியும் அவர் கையில் இருந்தது. வீரரின் சுளுக்கையும் தசைப்பிடிப்பையும் தேற்றி, காயத்துக்குக் கட்டிட்டு, மீண்டும் திடலுக்கு அனுப்பும் பணியை 1942 முதல் 1972 வரை முப்பதாண்டுகள் ஆற்றினார். வேகமாய் ஓடு என்று ஏவும் வாயும், ஓடித் தளர்ந்த காலைத் தடவும் கையும் ஒருவருடையனவாகவே இருந்தன. மாணவன் எவ்வளவு பாரம் பொறுப்பான் என்பதை அவர் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை, தொட்டறிந்தார்.

அவர்தம் நடுவுநிலைமையை உலகம் கண்டது 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் விழாவிலேயாம். பத்து விளையாட்டுப் போட்டி என்று ஒன்றுண்டு. நான்கு ஓட்டங்கள் (அவற்றுள் ஒன்று தடைதாண்டல்), மூன்று பாய்ச்சல்கள், மூன்று எறிதல்கள் ஆகப் பத்தினையும் ஒருவரே இரு நாளிற் செய்து முடித்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. அவ்வாண்டு இப்போட்டியிலே முதன்மைக்குப் பொருதவர் இருவர். ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் ரேபர் ஜோன்சன். மற்றவர் தைவானின் யாங் சுவான்-குவாங். யாங் என்பாரும் 1958ஆம் ஆண்டு தோக்கியோவிலே தம் போட்டியிற் பொற்பதக்கம் வென்றவரே. இருவரும் டிரேக்கின் மாணாக்கர், ஒரே திடலிற் பழகியவர், உற்ற நண்பர்.

பத்தில் ஏழிலே யாங் முந்தினார். ஆயினும் எறிதல்கள் மூன்றிலும் ஜோன்சன் விஞ்சியமையால், ஒன்பது முடிந்த வேளையிலே ஜோன்சன் 67 புள்ளிகளால் முன்னின்றார். எஞ்சியது 1500 மீற்றர் ஓட்டம் ஒன்றே. அதில் ஏறக்குறையப் பத்துச் செக்கன்களால் முந்தினால் பொற்பதக்கம் யாங்குக்கு. அவ்விடைவெளியைக் குறைத்தால் ஜோன்சனுக்கு. நெடுந்தூர ஓட்டத்தில் யாங்கே வல்லவர்.

இந்நிலையிற் பயிற்றுநர் செய்யத்தக்கது யாது? ஒருவன் தன் நாட்டவன். மற்றவன் கடல் கடந்து வந்தவன். டிரேக் இருவருக்கும் தனித்தனியே அறிவுரை கூறினார். யாங்கிடம், ஜோன்சனை இயன்ற அளவு பின்னே விட்டுவிட்டு விரைந்து ஓடுமாறு கூறினார். ஜோன்சனிடம், யாங்கை விட்டு விலகாது அவர் நிழல்போல் ஓடுமாறு கூறினார். இரண்டும் உண்மையான அறிவுரைகள். இரண்டும் அவரவர்க்கு மிக ஏற்றவை. ஒருவருக்குச் சொன்னதை மற்றவரிடம் கூறவுமில்லை; ஒருவருக்குக் குறைத்துக் கூறவுமில்லை. யாங் முன்னே முடித்தார், 1.2 செக்கன் பின்னே ஜோன்சன் முடித்தார். ஜோன்சன் 8,392 புள்ளிகளும் யாங் 8,334 புள்ளிகளும் பெற்றனர். வெறும் 58 புள்ளிகளே வேறுபாடு. ஓடி முடித்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றனர். நிறைகோல் என்று நன்னூலார் கூறியது இதனையன்றோ!

டிரேக் 1988ஆம் ஆண்டிலே காலமானார். அப்பல்கலைக்கழகத்தின் திடல் 1973ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இனி இரண்டாமவர். நம் நாட்டில் ஹொக்கி புற்றரையில் ஆடப்படுவது. குளிர் நாடுகளிலே அதனை உறைபனித் தளத்தின்மேல், இரும்பு அலகு பொருத்திய சப்பாத்தணிந்து, பந்துக்குப் பதிலாக இறப்பர் வட்டு ஒன்றை அடித்து ஆடுவர். பக்கத்துக்கு அறுவர், இருபது நிமிடங் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டக் கடுமையால் வீரர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தளத்தில் நின்று, மாறி மாறி இறங்குவர். எவரை எப்போது இறக்குவது என்று நொடிக்கு நொடி தீர்மானிப்பவர் பயிற்றுநரே. அமெரிக்கக் கல்லூரிகளில் அவர் முழுநேர ஊதியம் பெறும் அலுவலர்.

அத்தகையோருள் ஜெரி யோர்க் என்பார் 1972 முதல் 2022 வரை ஐம்பது பருவங்கள் பணியாற்றினார். கிளாக்சனிலே ஏழாண்டுகள், போலிங் கிறீனிலே பதினைந்தாண்டுகள். பின் 1994ஆம் ஆண்டில், தாம் மாணவராய் இருந்து ஆடிய பொஸ்ரன் கல்லூரிக்கே மீண்டார். அங்கு இருபத்தெட்டு ஆண்டுகள் நிலைத்து, 2001, 2008, 2010, 2012ஆம் ஆண்டுகளில் தேசிய வெற்றியை ஈட்டித் தந்தார். போலிங் கிறீனில் 1984ஆம் ஆண்டு பெற்றதையும் சேர்த்தால் ஐந்து. அவர் அணிகள் வென்ற ஆட்டங்கள் 1,123.

இவ்வெண்களினும் நாம் கருத வேண்டியது வேறொன்று. கல்லூரி அணியில் மாணவன் ஒருவன் நான்காண்டுகளே ஆடுவான். ஆண்டுதோறும் காற்பங்கினர் போவர். காற்பங்கினர் புதிதாய் வருவர். 2001இல் வென்றவருள் ஒருவர்கூட 2008இல் அவ்வணியில் இலர். இரண்டு வெற்றியிலும் நின்றவர் பயிற்றுநர் ஒருவரே. அணி என்பது மாறும். அணியின் வழக்கமும், ஒழுக்கமும், முன்னோர் செய்த பிழைகளின் அறிவும் அவரிடத்தே தங்கும். பயிற்றுநரே அணியின் நினைவு.

இவ்வுண்மை மற்றெவரினும் வன்னி மக்களாகிய நமக்கு உறைத்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இறுதிக் காலத்தில் இப்பெருநிலப்பரப்பின் கல்லூரிகள் பல ஊர் ஊராய் இடம்பெயர்ந்தன. கேடயங்கள் போயின, படங்கள் போயின, எவர் எந்த ஆண்டில் எவ்வளவு பாய்ந்தார் என்று எழுதிய ஏடுகளும் போயின. மீண்டு வந்து கூரையிட்டோம், மதில் எழுப்பினோம், திடலைத் துப்புரவு செய்தோம். போன நினைவை எவ்வாறு மீட்பது? திடலிலே நீண்ட காலம் நிற்கும் ஒருவரால் அன்றி அது மீளாது.

இன்று நம் பிள்ளைகளிடத்தே ஆற்றல் குறைவன்று. குளக்கட்டிலும் வயல் வரப்பிலும் ஓடிப் பழகிய கால்கள் அவை. ஆயினும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் தொடங்கும் பயிற்சி, போட்டியோடு முடிகின்றது. விளையாட்டு ஆசிரியர் ஒருவர் வந்து பிள்ளைகளின் பெயரறிந்து வருமுன் இடமாற்றம் வருகின்றது. வருவாரும் போவாரும் குற்றமுடையாரல்லர்; முறை அத்தகையது. அதனால் இழப்பவன் மாணவனே. பதினான்கு வயதில் அடையாளங் காணப்பட்டவன் பதினெட்டு வயது வரை ஒரே கண்ணின் கீழ் வளர்தல் வேண்டும். இடையிற் கண் மாறினால் அவன் ஒவ்வொரு முறையும் முதற்படியிலிருந்தே தொடங்குகின்றான். சிலர் தொடங்காமலே விட்டுவிடுகின்றனர்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஈண்டு ஒரு விண்ணப்பம். விழாவை முன்னிட்டு வளைவு கட்டுதலும் மண்டபம் எழுப்புதலும் நன்றே. அவற்றோடு, நிலையான பயிற்றுநர் ஒருவருக்குப் பத்தாண்டுகளுக்கு மாத ஊதியம் வழங்க ஒரு நிதி நிறுவுதலைக் கருதுமாறு வேண்டுகின்றோம். வெளிநாட்டில் வாழும் நம் மாணவர் அதற்குப் பொருள் தரலாம். ஊரில் இருப்போர் அதனினும் பெரிதொன்றைத் தரலாம். டிரேக்கும் யோர்க்கும் தாம் பயின்ற கல்லூரிக்கே மீண்டு பணி செய்தவர் என்பதை நினைக. இத்திடலில் ஒருகால் ஓடியவர், வாரத்தில் இரு மாலைகள் இங்கு வந்து, எந்த இல்லத்துப் பிள்ளை என்று பாராது, நேரங்காட்டியும் குறிப்பேடுமாய் நின்றாற் போதும். அக்குறிப்பேட்டின் முதற்பக்கம் இவ்விழா ஆண்டிலேயே எழுதப்படுதல் வேண்டும் என்பது நம் வேணவா. அதற்குக் கூத்தப்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.