நல்ல காலைத் தூக்குங்க!

பக்கவாதத்தில் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டது என்றால், ஒரு காலத்தில் ஊரில் முதலில் தேடியது புறாவைத்தான். அதன் ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் உணர்ச்சி திரும்பும் என்று நம்பிக்கை. (பாவம் புறா.) பிறகு எண்ணெய் போட்டு உருவுவார்கள். "அலட்டிக்காம படுங்க" என்பதுதான் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவரை எழுப்பி நிறுத்தினால், உடம்பு மொத்தமும் நல்ல காலில் சாயும், மற்றது இழுபடும். கையில் கோலைக் கொடுத்து, இந்த மட்டுக்கும் நடக்கிறாரே என்று விட்டுவிட்டார்கள்.

ஆங்கில மருத்துவமும் அன்று நல்ல பக்கத்தை வைத்தே சமாளிக்கக் கற்றுக்கொடுத்தது. 1940-களில் லண்டனில் பெர்த்தா போபாத் என்ற சிகிச்சையாளர் செயலிழந்த பக்கத்துக்கே வேலை கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் போக்கு மாற ஆரம்பித்தது.

இன்று பிசியோ எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள்: நோயாளியின் பலவீனமான பக்கத்தில். அந்தப் பக்கமே, சாய்ந்தால்தான் எட்டும் தூரத்தில் ஒரு டம்ளரை நீட்டி, "எடுங்கண்ணே" என்கிறார். நல்ல கை குறுக்கே நீளும்போது எடை மெல்ல மெல்ல பலவீனமான தொடைக்கும் பாதத்துக்கும் இறங்குகிறது. டம்ளர் வெறும் சாக்கு. அடுத்து, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. அது படிந்ததும் ஒரு சின்னப் படியில் நல்ல காலைத் தூக்கி வைக்கச் சொல்கிறார். வீட்டார் குழம்புவது இங்கேதான். விழுந்த காலுக்குத்தானே பயிற்சி? நல்ல கால் தரையை விட்ட கணத்தில் உடம்பைத் தாங்க அந்தக் கால்தான் மிச்சம். விழுந்த காலுக்கு இதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது.

'பரவாயில்லை' என்ற பழைய அளவுகோலும் போயிற்று. சமநிலையை அளக்க 1989-ல் வந்த பெர்க் அளவுகோலில் 14 செயல்களுக்கு 56 மதிப்பெண். நோயாளியைச் சீக்கிரம் எழுப்பும் அவசரத்துக்கும் கடிவாளம் விழுந்தது: பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அதிகம் பயிற்சி கொடுப்பது பலனைக் குறைக்கிறது என்று 2015-ல் லான்செட்டில் வெளியான ஆய்வு காட்டியது. கொஞ்ச நேரம், ஆனால் அடிக்கடி என்பது இப்போதைய வழக்கம்.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். பயிற்சிக்குச் சமையல் மேடையைப் பிடித்து நிற்கலாம், பின்னால் ஒரு நாற்காலி போதும். பாசத்தில் அந்தத் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. தோள் மூட்டு அதிலேயே நழுவிவிடலாம். பிடிப்பதானால் இடுப்பில், இல்லாவிட்டால் வேட்டிமேல் கட்டிய பெல்ட்டில் பிடிக்கச் சொல்கிறார்கள்.