வாவிச் சேறு கூறும் மலைச்செய்தி

மழை பெய்து ஓய்ந்தபின், கெலிஓயாவையடுத்துப் பாயும் மகாவலி கங்கை செந்நிறங் கொண்டு பெருகுதலை நம்மவர் பலரும் கண்டிருப்பர். அந்நிறம் மலைமண்ணின் நிறமே. அம்மண்ணிற் பெரும்பகுதி 1976 இல் முற்றுப்பெற்ற பொல்கொல்லை அணையினருகிலும், 1985 இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் சென்று படிகின்றது. எச்சரிவு மண்ணை இழக்கின்றதென அறியாது மண்ணைக் காத்தல் அரிது. அதனை அறிதற்குரிய வழிகளுள் ஒன்று, நீரடியிற் படிந்த சேறாகிய அடையலின் இரசாயனச் சேர்க்கையை ஆராய்தலாகும். தமிழாசிரியராகிய யாம் அறிந்தவளவில் அதனை ஈண்டு விளக்குவாம்.

அடையலிடம் நாம் கேட்கும் வினாக்கள் இரண்டு. பாறை எவ்வளவு சிதைந்தது என்பது ஒன்று. எப்பாறையினின்று வந்தது என்பது மற்றொன்று.

மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. அது பாறையிலுள்ள பெல்சுபார் என்னும் கனிப்பொருளை நாளடைவில் அரிக்கின்றது. சோடியமும் கல்சியமும் கரைந்து ஆற்றொடு செல்ல, அலுமினியம் பின்தங்கிக் கயோலின் களியாகின்றது. இதுவே வானிலையாலழிதல். எஞ்சிய அலுமினியத்தையும் கரையக்கூடிய மூலகங்களையும் ஒப்பிட்டு அழிவின் அளவை எண்ணாற் குறிக்கும் முறையொன்றை 1982 இல் நெசுபிற்று, யங் என்போர் வகுத்தனர். அம்முறைப்படி சிதையாத பெல்சுபார் ஏறத்தாழ 50, கயோலின் ஏறத்தாழ 100.

ஆயினும் கண்டி மலைகளில் அவ்வெண் மட்டும் போதாது. இங்குள்ள சலவைக்கல் மிகுந்த கல்சியத்தைத் தருதலின் எண் குறைந்து தோன்றும். ஆகவே, காபனேற்றிலுள்ள கல்சியத்தை நீக்கியே கணித்தல் வேண்டும். கொண்டலைற்றுப் பாறையோ பிறப்பிலேயே அலுமினியம் மிக்கது. சிதையாவிடினும் சிதைந்தது போலக் காட்டும். எனவே இரண்டாம் வினாவிற்கு, எளிதிற் கரையாத தோரியம், இசுக்காந்தியம் முதலியவற்றை நாடுகின்றோம். கருங்கனிகள் மிக்க பாறையில் இசுக்காந்தியம் மிகும். கருங்கல் வகையிலோ தோரியம் மிகும். இவ்விரண்டின் விகிதம் தாய்ப்பாறையைச் சுட்டும். 1904 இல் இத்தோரியம் செறிந்த தோரியனைற்று என்னும் கனிப்பொருளை இலங்கையிற் கண்டறிந்தவர், பின்னர்க் கலையாராய்ச்சியாற் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி அவர்களே என்பதை மாணவர் மறத்தலாகாது.

மணலையும் களியையும் ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பிழை. பருமனொத்த துணிக்கைகளையே ஒப்பிடுதல் முறை. சுற்றியுள்ள சரிவுகளின் மண்ணையும் உடன் சோதித்தல் வேண்டும்.

இதனால் விளையும் பயன் யாது? நன்கு சிதைந்த மண் வந்து படியுமாயின், தேயிலைச் சரிவுகளின் மேல்மண் கழிகின்றதென ஐயுறலாம். ஆண்டு மூடுபயிரும் கல்லணைகளும் வேண்டும். சிதைவு குறைந்த மண் படியுமாயின், மண்சரிவோ ஆழ வெட்டிய பாதையோரமோ காரணமாகலாம். அங்குப் புல் நடுதல் மட்டும் போதாது. நோய் இன்னதென்று அறிந்து மருந்திடுதலே அறிவுடைமை.