விழுப்புரம் தாண்டிய சிரிப்பு!

திண்டிவனத்தில் ரயிலேறி தினமும் ஆபீஸ் போகிற ஆசாமியா நீங்கள்? வாரப் பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? தலையங்கத்தையா? சும்மா சொல்லாதீங்க சார்... கார்ட்டூனைத்தானே!

இந்த ருசியைத் தமிழனுக்குக் காட்டியவர் யார் தெரியுமா? முண்டாசும் முறுக்கு மீசையுமாகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோமே, அதே பாரதியார்தான்!

1906-ல் சென்னையில் பிறந்தது 'இந்தியா' வாரப் பத்திரிகை. சிவப்புத் தாள். முகப்பில் கேலிச்சித்திரம். வரைந்த கை வேறு, யோசனை பாரதியுடையது. படம் புரியாமல் போய்விடக் கூடாதே என்று உள்ளே விளக்கமும் கொடுத்தார். வெள்ளைக்கார சர்க்காருக்கும் குட்டு, சர்க்காரிடம் மனுக் கொடுத்தே காலம் தள்ளிய மிதவாதிகளுக்கும் குட்டு!

அதே காலத்தில், கடல்களுக்கு அப்பால் மெக்ஸிகோவில் ஒருத்தர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பெயர் ஹொசே குவாதலூபே பொசாதா. 1852-ல் பிறந்தவர். உலோகத் தகட்டில் படம் செதுக்கி, மலிவான தாளில் அச்சடித்துச் சில்லறைக் காசுக்கு விற்க வைத்தார். அவற்றில் பல எலும்புக்கூடுகள்! தொப்பி போட்ட சீமாட்டி எலும்புக்கூடு, குதிரையேறும் எலும்புக்கூடு... பட்டும் பவுனும் கழன்றால் பணக்காரனும் பரம ஏழையும் ஒன்றுதான் என்பது சேதி. எழுத்துத் தெரியாதவனும் பார்த்தான், சிரித்தான்.

சிரிப்பு சரி, பில் யார் கட்டினது? அதுதான் கதையே!

1908. 'இந்தியா' மீது ராஜத்துரோக வழக்கு. எழுதியதில் பெரும்பகுதி பாரதி. ஆனால் சர்க்கார் பதிவேட்டில் ஆசிரியராக இருந்த பெயர் எம்.சீனிவாசன். கைது அவருக்கு. தண்டனை 5 வருஷம்!

பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். நண்பர்கள் வற்புறுத்தினார்கள் என்பார்கள் சிலர். "ஒருத்தரை மாட்டிவிட்டு இவர் போகலாமா?" என்பார்கள் வேறு சிலர். இரண்டு கட்சியும் இன்றுவரை இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் பாதை போட்டாகிவிட்டது. சுமார் 38 கிலோமீட்டர். ஆனால், அந்தச் சின்னத் தூரத்துக்குள் ராஜ்ஜியமே மாறிவிடும். இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி. விழுப்புரத்தில் சிரித்தால் குற்றம், புதுச்சேரியில் சிரித்தால் கருத்து!

1908 கடைசியில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது. கேலிச்சித்திரமும் கூடவே வந்தது. ஆளைப் பிடிக்க முடியவில்லை. சர்க்கார் பத்திரிகையைப் பிடித்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை. எழுதுகிறவர் அந்தப் பக்கம், படிக்கிறவர்கள் இந்தப் பக்கம் என்றால் பத்திரிகை என்ன ஆகும்? 1910 மார்ச்சில் நின்றது. கேலிச்சித்திரத்துக்கென்றே 'சித்ராவளி' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு பத்திரிகை நடத்த பாரதி திட்டம் போட்டிருந்தார். அதுவும் திட்டத்தோடு சரி.

பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில், எல்லை தாண்டி வந்தவரைக் கடலூரில் கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறை. 1921-ல் மறைந்தார்.

பொசாதா 1913-லேயே போய்விட்டார், பரம ஏழையாக. பின்னால் வந்த டியேகோ ரிவேரா அவரைத் தன் குரு என்று கொண்டாடி, 1947-ல் ஒரு பிரம்மாண்டச் சுவரோவியத்தின் நடுவிலேயே நிறுத்தினார். நம்ம ஊரில் 'இந்தியா' சித்திரங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994-ல் புத்தகமாக்கினார்.

பாரதிக்குச் சிலை இருக்கிறது, பொசாதாவுக்குச் சுவரோவியம் இருக்கிறது. சீனிவாசனுக்கு?

எழும்பூரிலிருந்து புதுச்சேரி போகிற ரயில் இன்றைக்கும் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் போகிறது. இப்போது எல்லையில் கொடி மாறுவதில்லை. எந்த ஸ்டேஷனிலும் கார்ட்டூன் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். சிரிக்கும்போது, பதிவேட்டில் பெயர் கொடுத்த அந்த மனிதரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க!