தர்மக் கணக்கில் மூன்றாவது பத்தி

வணிகர் கணக்கில் தர்மத்துக்கு எப்போதும் தனி இடம் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தவர்கள் நம் முன்னோர். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அப்படிச் சேர்ந்த மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்த பள்ளி. பெருந்தலைவர் காமராஜர் படித்தது அங்கேதான்.

இன்றும் நாம் கொடுக்கிறோம். ஜூன் பிறந்தால் நோட்டுப் புத்தகம், சீருடை, தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை. "இத்தனை மாணவருக்கு இத்தனை நோட்டு" என்று ஆண்டறிக்கையில் அச்சாகிறது. ஆனால் அது கொள்முதல் கணக்கு மட்டுமே. பத்து மூட்டை துவரம் பருப்பு இறக்கியதை நாம் லாபம் என்று எழுதுவதில்லை. விற்றதா, பணம் வந்ததா, கையில் என்ன நின்றது என்று பார்க்கிறோம். தர்மப் பணத்துக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறோம்.

மூன்று பத்திகள்

தொண்டுப் பணியை மூன்று பத்திகளில் எழுதலாம். முதலாவது, கொடுத்தது: பணம், பொருள், ஆள். இரண்டாவது, நடந்தது: எத்தனை வகுப்பு, எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள். மூன்றாவது, விளைந்தது: பிள்ளை வாசிக்கக் கற்றதா, நோயாளிக்குப் பார்வை திரும்பியதா, பயிற்சி பெற்ற பெண்ணுக்கு வருமானம் வந்ததா. பெரும்பாலான அறிக்கைகள் இரண்டாவது பத்தியோடு நின்றுவிடுகின்றன.

கென்யா கற்பித்த பாடம்

மூன்றாவது பத்தி ஏன் வேண்டும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். மேற்குக் கென்யாவில் புசியா என்ற பகுதி. அங்கே பல பிள்ளைகளுக்கு ஒரே பாடநூல் என்ற நிலை. டச்சுத் தொண்டு நிறுவனம் ஒன்று 1996-இல் 25 பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்தது. நூல் கிடைக்காத மற்றப் பள்ளிகளோடு மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். சராசரி உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டுமே பலன் கிடைத்தது. காரணம், நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு அது மூன்றாவது மொழி.

அதே நிறுவனம் 1998-இல் தொடங்கி, 75 பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்தது. 25 பள்ளிகள் முதலில், 25 அடுத்த ஆண்டு, மீதி பிறகு. மாத்திரை கிடைத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் நிற்பது சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வு கூறியது. மிகக் குறைந்த செலவில் கிடைத்த பலன் அது. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சில பிழைகளைக் காட்டினார்கள். கணக்கு வெளிப்படையாக இருந்ததால்தான் அந்தத் தணிக்கை நடந்தது. இவ்வகை ஆய்வுகளுக்காக மைக்கேல் கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ மூவருக்கும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஒப்பிடாத கணக்கு கணக்கல்ல

தீபாவளி மாதத்தில் விற்பனை கூடியதற்குப் புதிய பெயர்ப் பலகைதான் காரணம் என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். போன தீபாவளியோடும் பக்கத்துக் கடையோடும் ஒப்பிடுவார். தொண்டுக்கும் அதே நியாயம்தான். பிள்ளைகள் வளர வளரத் தாமாகவே சற்று முன்னேறுவார்கள். உதவி இல்லாமல் எவ்வளவு முன்னேறியிருப்பார்கள் என்பதைக் கழித்த பிறகு நிற்பதே நம் பணத்தின் பலன்.

மும்பையில் தொடங்கிய பிரதம் நிறுவனம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படைப் பாடம் நடத்தியது. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் அதை அளந்தபோது, மதிப்பெண் உயர்ந்தது. மிகவும் பின்தங்கியவர்களே அதிகம் பயன் பெற்றார்கள். ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தால் அந்த உயர்வில் பெரும்பகுதி கரைந்திருந்தது. விழா முடிந்த மறுநாள் மட்டும் அளந்தால் இது தெரிந்திருக்காது.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய ஆய்வாளர் வேண்டியதில்லை. பிரதம் நிறுவனம் 2005 முதல் நாடு முழுவதும் பயன்படுத்தும் வாசிப்புச் சோதனை மிக எளியது: எழுத்து, சொல், பத்தி, கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நம் சங்கம் உதவும் பள்ளியில் ஜூனில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை, அடுத்த ஆண்டு மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். ஆசிரியரைக் குறை சொல்வதற்காக அல்ல என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டுமே நம் முன் நிறுத்துவார்கள்.

எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்பதும் இல்லை. பசித்தவருக்குச் சோறு போட்டால் அவர் வயிறு நிறைவதே பலன். சிறிய உதவிக்கு நன்கொடையைவிட அதிகமாக அளக்கும் செலவு ஆகிவிடக்கூடாது. ஆனால் ஆண்டுதோறும் தொடரும் பெரிய தொகைக்குக் கணக்கு அவசியம்.

நன்கொடை கேட்டு வருபவரிடம் நிர்வாகக் குழு மூன்று கேள்வி கேட்கட்டும்: யாருடைய வாழ்வில் என்ன மாறும்? மாறியது என்று எப்படித் தெரியும்? மாறாவிட்டால் எதை நிறுத்துவீர்கள்? "போன ஆண்டு இது பலிக்கவில்லை, அதனால் மாற்றினோம்" என்று சொல்லும் நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள். நஷ்டத்தை மறைக்காத கணக்குப்பிள்ளையைப் போன்றது அது. அடுத்த பொதுக்குழுவில் நம் தர்மக் கணக்கு மூன்று பத்திகளோடு வாசிக்கப்பட வேண்டும்.