வாளே, உன் ஊர் எது?



நான் செங்கல்பட்டில் ஆசிரியராக இருந்தபோது, ஒருமுறை பிள்ளைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த வாள்கள் அங்கே உண்டு. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, இந்த வாள் எந்த ஊர்?" என்று கேட்டான்.

"தஞ்சாவூர்" என்றேன்.

"அது வாள் இருந்த ஊர் ஐயா. செய்த ஊர் எது?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை! பிறகு தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், கைப்பிடியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தஞ்சாவூர் ஆயுதங்கள் பலவற்றில் கைப்பிடி நம் நாட்டு வேலை. அலகோ கப்பலில் வந்த ஐரோப்பிய அலகு! இப்படிப்பட்ட வாளுக்குப் 'பிரங்கி' என்றே பெயர். பரங்கியர் என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் இது.

அடுத்து, வடிவம். போர்னியோ தீவில் வாழும் தயாக் மக்களின் வாளுக்கு 'மண்டாவ்' என்று பெயர். அதன் அலகு ஒரு பக்கம் புடைத்தும், மறுபக்கம் சற்றே குழிந்தும் இருக்கும். கைப்பிடி பெரும்பாலும் மான்கொம்பு. அந்தத் தீவிலேயே, பல்லவர் எழுத்தைப் போன்ற எழுத்தில் மூலவர்மன் என்ற அரசனின் பழைய கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. கடல் எவ்வளவு தூரத்தை இணைத்திருக்கிறது, பாருங்கள்!

மூன்றாவது, எஃகில் தெரியும் கோலம். இதில் இரண்டு வகை உண்டு. இந்தோனேசியாவின் கிரிஸ் கத்தியில், வெவ்வேறு இரும்புகளை அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்துக் கோலம் வரவழைப்பார்கள். நம் ஊர் உருக்கு அப்படியல்ல. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் எருக்க இலையும் சேர்த்துச் சிறு மண் மூசையில் வைத்து மூடி, உலையில் காய்ச்சினார்கள். குச்சியிலும் இலையிலும் இருந்த கரி இரும்பில் சேர்ந்து, அது எஃகானது. அந்தக் கட்டியை மிதமான சூட்டில் மெல்ல மெல்ல அடித்து நீட்டினால், கரி மிகுந்த துகள்கள் வரிவரியாக அமையும். அதனால், ஓடும் நீர் போன்ற கோலம் எஃகுக்குள்ளேயே உருவாகிவிடும். புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்கு இத்தகைய எஃகுதான் ஆதாரம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் எஃகு செய்த பழைய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன.

மாமல்லபுரம் போனால் சிற்பிகளின் உளியைக் கவனியுங்கள். மழுங்கிய உளியைப் பழுக்கக் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்ப்பார்கள். எஃகில் கரி இருப்பதால்தான் அது இறுகிக் கல்லை வெட்டுகிறது.

இப்போது ஒரு வருத்தமான செய்தி. என் பழைய மாணவர் ஒருவருக்கு நிலத்தில் துருப்பிடித்த கத்தி ஒன்று கிடைத்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு என்னிடம் காட்டினார். துருவோடு அதன் கதையும் போய்விட்டது!

நம் மாவட்டம் சாதாரணமானதல்ல. மதுராந்தகம் அருகே சானூரில் 1950-52 இல் தொல்லியல் துறையினர் பெருங்கற்காலக் கல்லறைகளைத் தோண்டி, இரும்புக் கருவிகளை எடுத்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பு சுமார் 5,300 ஆண்டுப் பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்த வயதைச் சொன்னது எது தெரியுமா? இரும்போடு தாழியில் கிடைத்த கரித்துண்டு போன்ற பொருள்கள்தான்!

ஆகவே, உங்கள் ஊரில் பழைய இரும்பு ஏதேனும் தென்பட்டால் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள்.

அன்று அந்த மாணவன் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். "இது இருந்த ஊர் எது? செய்த ஊர் எது?" பதில் சொல்ல அந்தப் பொருள் காத்திருக்கும். அதை நாம் அழிக்காமல் இருந்தால் போதும்!